வீட்டுக் கணினியிற் கோப்புச் சேவையகம்

மொனராகலையிலிருந்து பசறை, மடுல்சீமை முதலிய மலைத்தோட்டப் பகுதிப் பாடசாலைகளுக்கு மாதிரி வினாத்தாள்களை அனுப்ப விரும்பும் ஆசிரியர் ஒருவருக்கு இன்று இரு வழிகள் உண்டு. இணையத்திலே பிறருடைய சேமிப்பிடத்தில் அவற்றை வைத்தல் ஒன்று. தம் வீட்டுக் கணினியையே சேவையகமாக்கி, வேண்டியவர் வந்து எடுத்துச் செல்ல விடுதல் மற்றொன்று. பின்னைய வழியிற் செலவு குறைவு. கோப்புகளும் அவர் கையிலேயே இருக்கும். ஆனால் அந்தக் கணினியில் வினாத்தாள்கள் மட்டுமா இருக்கின்றன? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும், பாட்டனாரின் பிரசாவுரிமைப் பத்திரமும் பிரதி செய்யப்பட்டு அங்கேயே கிடக்கும். மலையகத்தார்க்கு இவை வெறுங் காகிதங்கள் அல்ல. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 2003 இன் பிரசாவுரிமைச் சட்டத்தையும் கடந்து வந்த குடும்பங்கள், இத்தகைய பத்திரங்களைத் தகரப் பெட்டியிற் பூட்டிக் காத்தவை.

கோப்புகளைக் கணினிக்குக் கணினி மாற்றும் எப்.டி.பி. என்ற முறைக்கு முதல் விதிகளை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண்; கான்பூர் ஐ.ஐ.டி.யிற் கற்று அமெரிக்கா சென்ற இந்தியர். கணினி வைத்திருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த காலம் அது. ஆதலின் கடவுச்சொல் மறைப்பின்றியே கம்பியிற் சென்றது. 1995 இல் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டபின், அங்கிருந்த தாத்து யுலோனன் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்க முறையை ஆக்கினார். அதன்மேல் இயங்கும் எஸ்.எப்.டி.பி.யே இன்று வீட்டுக்கு உகந்தது.

மறைத்து அனுப்பினால் மட்டும் போதாது. வந்தவர் எங்கே நிற்பார் என்பதே முக்கியம். லயன் வீட்டுக்கு வரும் அயலாரை இஸ்தோப்பிலே அமர்த்துவது வழக்கம், உள்ளறைக்கு அழைப்பதில்லை. 1979 இல் யுனிக்ஸில் இடம்பெற்ற 'சிஎச்-ரூட்' என்ற ஏற்பாடு செய்வது இதுவே. குறித்த பயனருக்கு ஒரு கோப்புறையே முழு உலகமாகக் காட்டப்படும். அதற்கு மேலே ஒன்றிருப்பதே அவருக்குத் தெரியாது. லினக்ஸ் கணினிகளிற் பரவலாக உள்ள ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளில் இவ்வசதி 2008 முதல் உண்டு.

விருந்தினருக்கெனத் தனிப் பயனர் குழு ஒன்றை முதலில் அமைத்தல் வேண்டும். அக்குழுவினர் கட்டளைகளை இயக்காமற் கோப்பு மாற்றம் மட்டுமே செய்யும்படியும், குறித்த கோப்புறைக்குள்ளேயே அடங்கும்படியும் அமைப்புக் கோப்பில் எழுதுக. பலரும் இடறுவது அடுத்த படியிலேதான். அடைக்கும் கோப்புறையும், அதற்கு மேலுள்ள ஒவ்வொன்றும், நிருவாகியான 'ரூட்' பயனருக்கே உரியனவாய், வேறெவரும் எழுத முடியாதனவாய் இருத்தல் வேண்டும். அன்றேல் கடவுச்சொல் சரியாயிருந்தும் இணைப்பு உடனே அறுந்துவிடும். காரணமும் வந்தவருக்குச் சொல்லப்படாது. மாணவர் விடைகளை இடுவதற்கு அதனுள்ளே வேறொரு கோப்புறை அமைத்து, அதற்கு மட்டும் எழுதும் உரிமை வழங்குக.

கடவுச்சொல்லை நீக்கி, இலத்திரனியற் திறவுகோலால் மட்டும் நுழையச் செய்தல் நன்று. இருபத்திரண்டாம் துறை வெளியுலகுக்குத் திறந்ததும், கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் பல திசைகளிலிருந்தும் வரும். பதிவேட்டைப் பார்த்தவர் திகைப்பர். பிறகு விருந்தினராகவே நுழைந்து, மேற்கோப்புறைக்குச் செல்ல முயன்று பார்த்தல் வேண்டும். சான்றிதழ்கள் இருக்கும் கோப்புறை கண்ணிற் படாவிடின் ஏற்பாடு சரி.

கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாக வரும் இணைப்புகளிற் பெரும்பாலும் வீட்டுக்கெனத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து வருபவர் வாசலைக் காணமாட்டார். சேவை வழங்குநரிடம் தனி முகவரி கேட்டுப் பெற்றபின், ரவுட்டரில் அந்த ஒரு துறையை மட்டும் கணினிக்குத் திருப்பிவிடலாம். ஊவாவில் இடைப்பருவ மழை இடிமின்னலோடு வரும் மாலைகளில், ரவுட்டரின் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைப்பதே நல்லது. வினாத்தாள்கள் மறுநாட் காலைவரை காத்திருக்கும்.