லேப்ராஸ்கோப்பி: துளை சின்னதுதான், ஆனா கேட்டுக்கோங்க

"பித்தப்பையில கல்லு. லேப்ராஸ்கோப்பிதான், மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்." ஆக்லாந்திலிருந்து ஊருக்குப் போன் போட்டு நாம் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

1985-ல் ஜெர்மனியின் எரிக் மியூஹே இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உட்வாடியா செய்தார். நம்ம கோவையில் டாக்டர் சி. பழனிவேலு இதை வளர்த்தெடுத்தார்.

வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, மூன்று நான்கு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் போகும். வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். அந்த வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம்.

ஆபத்தும் உண்டு. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்குப் பித்தநாளம் காயப்படலாம். உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்தே செய்வார்கள். அது தோல்வியில்லை, பாதுகாப்பு. வீடு திரும்பியபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கண் மஞ்சளாவது என்றால் காத்திருக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க.

அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் சிரமமா? 1996 முதல் நடப்பில் உள்ள நியூசிலாந்து நோயாளர் உரிமை விதிகளின்படி, தேவைப்பட்டால் இயன்றவரை மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுடுங்க.