தொப்பூர் ஏற்றத்தில் நின்ற வண்டி பட்டறையில் ஏன் ஓடுகிறது?

சேலத்திலிருந்து தருமபுரி வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏறும்போது பழைய வண்டிகளின் வயது தெரிந்துவிடும். சித்திரை மாதத்து மதியம். உள்ளே நாலு பேர், பின்னால் மூட்டைகள். கார்புரேட்டர் வைத்த மாருதி 800 இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு வருகிறது. ஜெர்க் அடிக்கிறது, மிஸ்ஸிங் ஆகிறது, நின்றேவிடுகிறது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஓரங்கட்டிவிட்டுத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மறுநாள் காலை பட்டறையில் நிறுத்தினால் அது குறையே இல்லாத வண்டி.

மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் நடுவே மனக்கசப்பை வளர்ப்பது இந்த வகைக் கோளாறுதான். முழுதாகக் கெட்டுப்போன பாகம் தானே காட்டிக்கொடுத்துவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறில் ஊகம் புகுந்துகொள்கிறது. முதலில் பிளக் மாறுகிறது, பிறகு காயில், அடுத்த மாதம் கார்புரேட்டர். செலவு ஏறுகிறது, வண்டி அதே ஏற்றத்தில் நிற்கிறது. இதை மெக்கானிக்கின் திறமைக்குறைவு என்று சொல்வது அநியாயம். கோளாறு இல்லாத நேரத்தில் சோதித்தால் எந்த மீட்டரும் ‘நல்லது’ என்றுதான் காட்டும்.

பெரிய நிறுவனங்களே இதில் சிக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1980களிலும் 90களின் முற்பாதியிலும் விற்ற பல கார்களில், தீப்பொறியை இயக்கும் மின்னணு மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியிருந்தது. இன்ஜின் சூட்டில் அது செயலிழக்கும், வண்டி நிற்கும். ஆறியதும் உயிர் பெறும். ஆறிய நிலையில் சோதித்தால் பழுது அகப்படாது. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியா நீதிபதி மைக்கேல் பாலச்சி, அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொன்னார். குறை இல்லை என்று வாதாடிவந்த நிறுவனம் 2001இல் சமரசத்துக்கு வந்தது.

தொப்பூரில் நிற்கும் வண்டிக்கும் சூடுதான் முதல் சந்தேகம். ஆனால் சூடு இரண்டு வழியில் வேலை செய்யும். ஒன்று, பெட்ரோல் வழி. பெட்ரோலின் லேசான கூறுகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பட்டறைகளில் ‘ஏசி பம்ப்’ என்று சொல்லும் பழைய எரிபொருள் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் குறைந்து, பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் தள்ளும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றும் பழைய டிரைவர்களின் வைத்தியம் மூடநம்பிக்கை அல்ல. ஆவியை மறுபடி திரவமாக்கும் வேலை அது. இன்னொன்று, மின்சார வழி. காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து அறுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கன்டென்சரும் இப்படி ஏமாற்றும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கிராங்க் சென்சார் இப்படி ஏமாற்றும்.

இரண்டையும் பிரித்துச் சொல்லும் நேரம் வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம்தான். பலர் அந்த நேரத்தை ஸ்டார்ட்டரை அடித்து அடித்து பேட்டரியைத் தீர்ப்பதில் செலவழித்துவிடுகிறார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தால் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் குற்றவாளி எரிபொருள் பக்கம். பீச்சுகிறது என்றால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும்: ஒரு உபரி பிளக்கை வயரில் மாட்டி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, இன்ஜின் உலோகத்தில் பதித்து, வேறொருவர் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பொறி வருகிறதா என்று கவனிப்பது. சிந்திய பெட்ரோல் அருகில் இருந்தால் இதைச் செய்யவே கூடாது.

பெட்ரோல் டேங்க் மூடியையும் மறக்கக் கூடாது. நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா? காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. டேங்க்கில் வெற்றிடம் உருவாகி, பம்ப்பால் உறிஞ்ச முடியவில்லை. செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் கார்புரேட்டரை மாற்றியவர்கள் ஏராளம்.

டீசல் வண்டிக்குக் கணக்கு வேறு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களுக்குக் காலங்காலமாக உழைத்தவை மகிந்திரா ஜீப்புகள். பழைய டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். ஓடத் தொடங்கிவிட்டால், டீசலை நிறுத்தும் சொலினாய்டுக்குத் தவிர, ஏறக்குறைய மின்சாரமே வேண்டாம். ஆகவே விட்டுவிட்டு நின்றால் டீசல் வரவில்லை அல்லது காற்று கலந்துவிட்டது. ‘ஏர் பிடிச்சுக்கிச்சு’ என்பார்கள். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே இருக்கும் குழாய் உறிஞ்சப்படும் குழாய். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கசிவு இல்லையே என்று பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு முழம் கண்ணாடிபோல் தெளிவான டீசல் ஹோஸை மாட்டிவிட்டு ஓட்டினால் குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்கே தெரியும். ஏற்றத்தில் மட்டும், அதுவும் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் நிற்கிறதா? டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையும் அடியில் தங்கிய சேற்றையும் பார்க்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்து விவசாயியின் பழைய வண்டி என்றால் டிவிஎஸ் 50ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980இல் ஓசூரிலிருந்து அது வெளிவந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பிளக் முனையில் கரி பாலம்போல் சேர்ந்து பொறியை விழுங்கும், தட்டிவிட்டால் ஓடும். சைலன்சரில் கரி அடைத்தால் இழுவை குறையும். இதில் ஒளிவு மறைவு குறைவு. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மோசமாக ஒளிந்துகொள்வது வயரிங். எர்த் கம்பியின் போல்ட்டில் துரு, கப்ளரில் பச்சைக் களிம்பு, எலி கடித்த இடம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு வயர் கட்டு ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் சிறந்த முறை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு வெகுவாக மேலே காட்டினால் எர்த் சரியில்லை. சாவியையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் பிடிமானம் இல்லாத சாவி ஸ்விட்ச். பள்ளத்தில் குலுங்கினாலோ சாவிக்கொத்து கனத்தாலோ ஸ்விட்ச் நகர்ந்து, ஓடும்போதே இன்ஜின் அணைந்தது, ஏர்பேக்கும் விரியவில்லை. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் தந்தது.

அதனால்தான் ‘கொஞ்ச நேரம் நின்னா ஓடிடும்’ என்று இந்தக் கோளாறோடு குடித்தனம் நடத்தக் கூடாது. ஏற்றத்தில் நின்றால் அலைச்சல். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூரில் இறங்கும்போது அணைந்தால் உயிராபத்து. இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கும். அணைந்தபின் ஓரிரு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். லாரிகள் நியூட்ரலில் உருண்டு வரும் அந்தச் சரிவில் இப்படி ஒரு வண்டி மாட்டிக்கொள்ளக் கூடாது.

இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், டேங்க்கில் பல வருடம் ஒட்டியிருந்த படிவைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். இருபது வயது வண்டி வைத்திருப்பவர் ஹோஸையும் ஃபில்டரையும் முதலில் மாற்றிவிடுவது நல்லது.

பட்டறைக்குப் போகும்போது ‘அண்ணே, வண்டி நின்னு நின்னு போகுது’ என்பதோடு நிறுத்தாமல், ஒரு தாளில் குறித்துக் கொடுக்கலாம்: எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், ஏற்றமா சமதளமா, வெயிலா மழையா, டேங்க்கில் எவ்வளவு, நிற்குமுன் மிஸ்ஸிங் வந்ததா அல்லது சுவிட்ச் அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா. பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். திணறித் திணறி நின்றால் பெரும்பாலும் எரிபொருள். தேடுவதற்கு ஆகும் நேரத்துக்குத் தனியாகக் கூலி தருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். பாகம் மாற்றினால்தான் காசு என்ற நிலையில் எந்த மெக்கானிக் பொறுமையாகத் தேடுவார்? முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, டெஸ்ட் லேம்ப்போடும் உபரி பிளக்கோடும், அதே மதிய வெயிலில், அதே சுமையோடு, அதே ஏற்றத்துக்குப் போக வேண்டும். சரிசெய்த பிறகும் ஒருமுறை அப்படியே போய் வந்தபின்தான் பணத்தை முழுதாக எண்ணிக் கொடுக்க வேண்டும்.