சிறு விமானிகளின் சங்கம்

சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு, தெரியுமா நேயர்களே? அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய ஏ.ஓ.பி.ஏ., ஒரு காலத்தில் நான்கு லட்சம் உறுப்பினர்களைத் தாண்டி வளர்ந்தது. பிறகு சரிந்தது. சங்கம் சரியாகப் போராடவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. விபத்து வழக்குகளின் சுமை தாங்காமல் 1986-இல் செஸ்னா நிறுவனம் சிறிய பிஸ்டன் விமானத் தயாரிப்பையே நிறுத்தியது. 18 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மீது பெரும்பாலும் வழக்குப் போட முடியாதபடி, 1994-இல் ஒரு சட்டத்தையே வாங்கிக் கொடுத்தவை இந்தத் துறையின் சங்கங்கள்தான். அதன் பிறகு செஸ்னா திரும்ப வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பம் எட்டும் அளவுக்கு விமான விலை இறங்கவில்லை. சொந்த ஆசைக்காகப் பறக்கிறவர்களின் கூட்டமும் பழையபடி பெருகவில்லை. ஆள் குறைந்த பிறகு சங்கம் மட்டும் எப்படி வளரும்?