புற்றும் படையும்: ஒரு நோய்ப்பெயர் மறைப்பது

'புற்று' என்பது கறையான் எழுப்பும் மண்மேடு. கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். நாம் புற்று என்றோம். இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் அரிய தோல்நோய்க்கு நண்டைவிடப் புற்றே பொருந்தும். மேலே தெரிவது சிறு மேடு. வழிகள் அடியில் ஓடக்கூடும்.

1874ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பாஜெட், முலைக்காம்பில் கரப்பான் போன்ற புண் கண்ட ஏறத்தாழ 15 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்குப் பின்னர் மார்பகப் புற்று தோன்றியது. 1889இல் ராட்கிளிஃப் கிராக்கர் அதே நோயை விதைப்பையிலும் ஆண்குறியிலும் கண்டு உரைத்தார். அதன் பெயர் 'மார்பகம் சாராப் பாஜெட் நோய்'. எங்கு இல்லை என்று சொல்லி, எங்கு உள்ளது என்று சொல்லாத பெயர் இது. போதாக்குறைக்கு, இதனோடு தொடர்பே இல்லாத எலும்புநோய் ஒன்றும் பாஜெட் பெயரையே தாங்குகிறது.

பெரும்பாலும் இந்நோய் தோலிலேயே பிறப்பது. சிலரிடத்து மட்டும் சிறுநீர்ப்பை, சிறுநீர் வெளியேறும் குழாய், புரோஸ்டேட் சுரப்பி, மலக்குடல் ஆகியவற்றுள் ஒன்றில் எழுந்த புற்றின் உயிரணுக்கள் தோலை அடைகின்றன. சிறுநீர்ப்பையின் உட்பூச்சில் தோன்றியவை குழாயின் உட்பரப்பு வழியே பரவிப் பிறப்புறுப்பின் தோலுக்கு வருவதுண்டு. கண்ணுக்கு இருவகையும் ஒன்றே: சிவந்த, ஈரமான, அரிக்கும் திட்டு. திசுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோலுக்குள் பெரிய வெளிறிய அணுக்கள் சிதறிக் கிடக்கும். அவை எங்கிருந்து வந்தன என்பதை அவற்றிலுள்ள புரதங்களுக்குச் சாயமிட்டே அறிய முயல்வர்.

இடர் மருத்துவத்தில் மட்டுமன்று, சொல்லிலும் உள்ளது. தேமல், படை, சொறி, சிரங்கு, கரப்பான் எனத் தோலுக்கு இத்தனை பெயர் வைத்த நம்மவர், உடலின் ஓரிடத்தை மட்டும் 'மறைவிடம்' என்று மூடிவைத்தோம். நோயாளி "அங்கே கொஞ்சம் அரிப்பு" என்கிறார். பூஞ்சைக் களிம்பு கிடைக்கிறது. சில வேளைகளில் ஆண்டுகளே கழிகின்றன. 'விதைப்பை' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை வகுப்பில் உச்சரித்தபோது மாணவர் சிரித்ததை நாமும் கண்டிருக்கிறோம்.

களிம்பிட்டுச் சில வாரங்களாகியும் ஆறாத திட்டு அவ்விடத்தில் இருப்பின், திசு ஆய்வு வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டல் தகும். முதியோர் சிறப்பாகக் கேட்க வேண்டும். இந்நோய் உறுதியானால் தோலோடு நிறுத்தாமல், சிறுநீர்ப்பையையும் குழாயையும் உள்நோக்குக் கருவியால் பார்ப்பதும், மலக்குடலைச் சோதிப்பதும் வழக்கம். சிறுநீரில் குருதி கண்டிருந்தால், கேட்கும் வரை காத்திராமல் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.