பங்கின் நீண்டகால சராசரி விலை: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும் இளைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, "ஹஜ்ரத், ஷேர் வாங்கலாமா, கூடாதா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "இந்தக் கம்பெனி ஷரீஆ பட்டியலில் இருக்கிறது. விலையும் 200 நாள் சராசரிக்குக் கீழே வந்துவிட்டது. மலிவுதானே, வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

இப்படிக் கேட்பவர்கள் போடப்போவது பெரும்பாலும் வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், அல்லது மகளின் நிகாஹுக்காக ஒதுக்கிய பணம். எனவே 'சராசரிக்குக் கீழே' என்றால் என்ன, அது 'மலிவு' என்பதும் ஒன்றா என்பதை நம் குடும்பங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

சராசரி எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு பங்கின் கடைசி 200 வணிக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி, 200ஆல் வகுத்தால் கிடைப்பதே 200 நாள் சராசரி. மறுநாள் புதிய விலை உள்ளே வரும். பழையதில் ஒன்று வெளியேறும். சராசரியும் ஒவ்வொரு நாளும் நகர்வதால் இதை 'மூவிங் ஆவரேஜ்', அதாவது நகரும் சராசரி என்கிறார்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 நாட்கள் சந்தை நடக்கிறது. ஆகவே 200 நாள் என்பது சுமார் பத்து மாதக் கணக்கு. 200 வாரச் சராசரி போட்டால் அது நான்கு ஆண்டுக் கணக்கு.

இதன் பயன் உண்மையானது. ஒரு நாள் பரபரப்பில் விலை ஏறும். ஒரு வதந்தியில் இறங்கும். நீண்ட சராசரி அந்த ஆட்டத்தை அடக்கி, இத்தனை காலமாக மக்கள் இந்தப் பங்குக்கு என்ன விலை கொடுத்து வந்தார்கள் என்று காட்டுகிறது. அது காட்டுவது அவ்வளவுதான்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை எண்ணிப் பாருங்கள். பெட்டி 400 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் 150 ரூபாய்க்குத் தருகிறார் என்றால், வியாபாரி முதலில் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். வரத்து அதிகமாகி விலை இறங்கியிருந்தால் அது மலிவு. அடியில் இருப்பது அழுகல் என்றால் 150 ரூபாயும் நஷ்டம்தான். சராசரி விலை பெட்டியின் மேலே ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே இருப்பதை அது சொல்லாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் நாம் அறிந்ததே. அதில் விற்பவருக்கு எச்சரிக்கை இருக்கிறது. வாங்குபவருக்கும் பாடம் இருக்கிறது.

நடந்த மூன்று நிகழ்வுகள்

முதலாவது, 2008. ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச்சில் 16,000 அளவுக்கு வந்து 200 நாள் சராசரிக்குக் கீழே நின்றது. மலிவு என்று அப்போது வாங்கியவர்கள், அக்டோபரில் அது 8,000க்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். விலை இறங்க இறங்க சராசரியும் பின்னால் இறங்கிக்கொண்டே வந்தது. சராசரிக்குக் கீழே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எந்த எல்லையும் கிடையாது.

இரண்டாவது, சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பாகத்துக்கு மேல் சரிந்தது. எந்தச் சராசரியோடு ஒப்பிட்டாலும் அன்று அது 'படு மலிவு'. ஆனால் அடுத்த வணிக நாளில் மேலும் விழுந்தது. பழைய விலைகள் அனைத்தும் பொய்க் கணக்கை நம்பி மக்கள் கொடுத்தவை. பொய்யான விலைகளின் சராசரி உண்மையாகிவிடாது.

மூன்றாவது, நமக்கு அருகிலேயே நடந்தது. டைட்டன் நிறுவனம் 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. அதன் ஓசூர் தொழிற்சாலை, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2011இல் டைட்டன் ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு கொடுத்ததோடு, 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகவும் பிரித்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் 20 பங்குகள் ஆயின. ஒன்றின் விலையும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காயிற்று. யாருக்கும் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. ஆனால் திருத்தப்படாத பழைய விலைகளை வைத்துச் சராசரி போட்டால், பங்கு 95 சதவீதம் மலிந்துவிட்டது போலத் தோன்றும். எனவே போனஸ், பிரிப்பு ஆகியவற்றுக்குத் திருத்திய விலைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதிப்பை அறிய எதைச் சராசரி எடுப்பது?

விலை என்பது கொடுப்பது; மதிப்பு என்பது பெறுவது. ஒரு கம்பெனியிடமிருந்து நாம் பெறுவது அதன் லாபத்தில் பங்கு. ஆகவே மதிப்பை அறிய விரும்புவோர் லாபத்தைச் சராசரி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் 1934இலேயே, ஓராண்டு லாபத்தை நம்பாமல் பல ஆண்டு லாபத்தின் சராசரியைப் பாருங்கள் என்றார்கள். 2013இல் பொருளாதார நோபல் பெற்ற ராபர்ட் ஷில்லரின் அளவுகோலும், பணவீக்கத்தைக் கழித்த பத்தாண்டு லாபச் சராசரியோடு இன்றைய விலையை ஒப்பிடுவதுதான்.

பங்கு 200 ரூபாய், பத்தாண்டுகளில் பங்கு ஒன்றுக்குச் சராசரி லாபம் 10 ரூபாய் என்றால், நாம் 20 மடங்கு கொடுக்கிறோம். விலை 150 ஆகி, லாபச் சராசரி மாறாமல் இருந்தால் 15 மடங்கு. இது மலிவதற்கான அறிகுறி. விலை 150 ஆகும்போது லாபமே 5 ரூபாயாக நிரந்தரமாகச் சுருங்கிவிட்டால் 30 மடங்கு. விலை இறங்கியும் பங்கு முன்பைவிட அதிக விலைக்கு விற்கிறது என்று பொருள்.

ஷரீஆ கணக்கிலும் சராசரி

ஷரீஆ பட்டியல் தயாரிப்பதிலும் நீண்டகாலச் சராசரி பயன்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. வட்டிக் கடன் ஓர் அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகளை விலக்க, கடனைக் கம்பெனியின் சந்தை மதிப்போடு ஒப்பிடுகிறார்கள். எஸ் அண்ட் பி ஷரீஆ குறியீடுகள் 36 மாதச் சராசரி மதிப்பையும், டவ் ஜோன்ஸ் இஸ்லாமிக் குறியீடு 24 மாதச் சராசரியையும் எடுக்கின்றன. கடன் அதில் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எம்எஸ்சிஐயின் இஸ்லாமிக் குறியீடுகளில் ஒரு வரிசை சந்தை மதிப்பை விட்டுவிட்டு மொத்தச் சொத்தோடு ஒப்பிடுகிறது.

சராசரி ஏன்? கடன் 60 கோடி, சந்தை மதிப்பு 100 கோடி உள்ள கம்பெனி தேறாது. சூதாட்ட வேகத்தில் ஒரே மாதம் மதிப்பு 200 கோடி ஆனால், அன்றைய கணக்கில் கடன் 30 சதவீதம், தேறிவிடும்! 36 மாதச் சராசரியிலோ கடன் இன்னும் 58 சதவீதத்துக்கு மேல்தான், தேறாது. ஒரு மாத ஆரவாரம் ஹராமான கடனை மறைக்காமல் சராசரி தடுக்கிறது.

ஆனால் இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. ஷரீஆ பட்டியலில் இருப்பது, வாங்க அனுமதி உண்டு என்று மட்டுமே சொல்கிறது. விலை நியாயமானது என்று அது சொல்வதில்லை. பட்டியலும் அவ்வப்போது மாறும். மேலே சொன்ன கம்பெனிகளும் விளக்கத்துக்காகத்தான். வாங்கச் சொல்லி அல்ல.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சிறு கம்பெனிப் பங்குகளை ஏற்றிவிடுவது இதே வேலைதான். அப்படி ஏற்றிய விலையும் சராசரிக்குள் சேர்ந்துவிடுகிறது. பின்னர் விழும்போது 'சராசரிக்குக் கீழே' என்று அதே குழு மீண்டும் அழைக்கும்.

சராசரியைத் தாண்டும்போதெல்லாம் வாங்கி விற்பதற்காகத் தரகரிடம் வட்டிக்குக் கடன் வாங்குவது ஹராம். கையில் இல்லாததை விற்பதும் தடுக்கப்பட்டதே.

ஜகாத்துக்குச் சராசரி விலை கிடையாது. விற்று லாபம் பார்க்க வாங்கிய பங்குகளுக்கு, ஜகாத் ஆண்டு நிறைவடையும் நாளின் சந்தை விலையில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். ஈவுத்தொகைக்காக நீண்ட காலம் வைத்திருப்போர் கணக்கிடும் முறையை அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஒரு பங்கு சராசரிக்குக் கீழே என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பல ஆண்டு லாபம் என்ன? கடன் எவ்வளவு? விலை ஏன் இறங்கியது? பதில் தெரியாதவரை பணம் நம் கையிலேயே இருக்கட்டும். நிகாஹ் தேதி குறித்த பணத்தையோ, குடும்பத்தின் அன்றாடச் செலவுப் பணத்தையோ இதில் இறக்க வேண்டாம். நாளை மறுமையில் பொருளை எப்படிச் சம்பாதித்தோம், எதில் செலவழித்தோம் என்ற இரண்டும் விசாரிக்கப்படும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.