விளக்குகளுக்கும் தாளம் உண்டு

நாட்டிய நிகழ்ச்சி முடிந்ததும் ஆடியவர்களையும் பக்கவாத்தியக் கலைஞர்களையும் பாராட்டுகிறோம். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், இருட்டறையில் விளக்குகளை இயக்கியவரைப் பலருக்கும் தெரியாது. பல்கலைக்கழக இந்தியக் கலை நிகழ்ச்சிகளில் மூன்று ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வருகிறேன். “பொத்தானைத் தட்டினால் விளக்கு தானாக ஆடுமே, உனக்கு என்ன வேலை?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஆட வைப்பது எளிது. எவ்வளவு ஆட வேண்டும், எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலை.

அளவும் டெம்போவும்

விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையில் ‘எஃபெக்ட்’ என்பது பெரும்பாலும் ஓர் அலை. ஒரு விளக்கு 50 விழுக்காடு வெளிச்சத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் அலையை ஏற்றினால் வெளிச்சம் 30க்கும் 70க்கும் இடையே ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ‘அளவு’. நிமிடத்துக்கு எத்தனை முறை என்பது ‘டெம்போ’. பலகைக்குப் பலகை பெயரும் கணக்கும் சற்று மாறலாம், அடிப்படை ஒன்றுதான்.

அதே விளக்கு 90 விழுக்காட்டில் இருந்தால், அலை 110ஐத் தொடப் பார்க்கும். 100க்கு மேல் செல்ல வழியில்லை. எனவே வெளிச்சம் உச்சியில் சற்று நேரம் அப்படியே நின்றுவிடும். டெம்போ சரியாக இருந்தாலும் தாளம் பிசகியதுபோல் தோன்றும்.

தலையைத் திருப்பும் விளக்குகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெம்போவை மாற்றாமல் அளவை மட்டும் இரட்டித்தால், ஒளிக்கற்றை அதே நேரத்தில் இரு மடங்கு தூரம் ஓட வேண்டும். மோட்டாருக்கு ஓர் எல்லை உண்டு. டெம்போவை ஏற்றிக்கொண்டே போனால், விளக்கு ஓரத்தை எட்டும் முன்பே திரும்பச் சொல்லும் கட்டளை வந்துவிடும். நாம் கேட்பது பெரிய வீச்சு. மேடையில் கிடைப்பது வெறும் நடுக்கம். அதனால் டெம்போவை இரட்டித்தால் அளவைப் பாதியாக்குவது என் வழக்கம்.

மிக மெதுவான அசைவிலும் சிக்கல் உண்டு. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் 512 முறையில், ஓர் அலைவரிசைக்கு 0 முதல் 255 வரை 256 நிலைகள்தான். 540 பாகை திரும்பும் விளக்கில் ஒரு படி என்பது ஏறக்குறைய 2 பாகை. கற்றை மெதுவாக நகரும்போது விட்டு விட்டுக் குதிப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்து இயக்கும் 16 பிட் முறையில் 65,536 நிலைகள் கிடைப்பதால் அசைவு சீராகும்.

கால் விரைந்தாலும் தாளம் மாறாது

டெம்போவைத் தட்டியும் சொல்லலாம். பாட்டைக் கேட்டபடி பொத்தானைச் சில முறை தட்டினால் பலகை இடைவெளியைக் கணக்கிட்டுக்கொள்ளும். திரைப்பாடல் நடனத்துக்கு இது போதும்.

பரதநாட்டியத்துக்கு அது போதாது. அடவு முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கு மாறும்போது கால்தட்டுகள் இரட்டிக்கும். கையால் போடும் தாளம் அப்படியே இருக்கும். காலோடு சேர்த்து விளக்கையும் விரட்டினால், ஆடுபவரின் வேகம் அந்த ஆரவாரத்தில் அமுங்கிவிடும். விளக்கு நிதானமாக இருந்தால்தான் காலின் விரைவு எடுத்துத் தெரியும்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்றால் ஓர் ஆவர்த்தனம் 6 விநாடி. எண்ணிக்கைக்கு ஓர் அலை என்று வைக்காமல், ஆவர்த்தனத்துக்கு ஓர் அலை, அதாவது நிமிடத்துக்கு 10 என்று வைத்துப் பாருங்கள். மேடை மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

அபிநயப் பகுதியில் முகம் தெரிய வேண்டும். அங்கே எஃபெக்டைச் சட்டென்று நிறுத்தினால் விளக்கு குதிக்கக்கூடும். அளவை மட்டும் ஃபேடரில் மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அலை தானாக அடங்கும்.

விநாடிக்கு மூன்று

ஜப்பானில் 1997 டிசம்பர் 16ஆம் தேதி ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னின. 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். மின்னும் ஒளி தூண்டும் வலிப்பு, பிள்ளைகளிடமும் இளையரிடமும்தான் அதிகம் காணப்படுகிறது. பள்ளி, கல்லூரி அரங்குகளில் நம் முன்னே அமர்ந்திருப்பவர்களும் அவர்கள்தான்.

இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக வழிகாட்டி, விநாடிக்கு மூன்று மின்னல்களுக்கு மேல் வேண்டாம் என்கிறது. மேடையிலும் நான் அதையே எல்லையாக வைத்திருக்கிறேன். டெம்போ 120இல் எண்ணிக்கைக்கு ஒரு மின்னல் என்றால் விநாடிக்கு 2. இரட்டித்தால் 4, எல்லையைத் தாண்டிவிடும். நான்கு விளக்குகள் விநாடிக்கு இருமுறை வீதம் ஒன்றன்பின் ஒன்றாக மின்னினால், கண்ணுக்கு எட்டும் மின்னல்கள் 8.

தீர்மானத்தில் விளக்கு பளிச் பளிச்சென்று மின்ன வேண்டும் என்று ஆடுபவர்கள் கேட்பார்கள். “இல்லாவிட்டால் சப்பென்று இருக்குமே!” என்பார்கள். நான் வெளிச்சத்தை 0க்கும் 100க்கும் இடையே வெட்டாமல், டெம்போவைக் குறைத்து, 70க்கும் 100க்கும் இடையே அலையவிடுவேன். பின்திரையில் நிறத்தை மாற்றுவேன். ஒத்திகையில் பார்த்த பிறகு அவர்களே ஒப்புக்கொள்வார்கள். மின்னல் விளக்கு தவிர்க்கவே முடியாது என்றால், நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை வைத்தாக வேண்டும்.

இதைப் பழக அரங்கம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி, ஈடிசி நோமேட் ஆகிய மென்பொருள்களை இலவசமாகப் பதிவிறக்கம் செய்து மடிக்கணினியில் பயிற்சி செய்யலாம். முதலில் கையால் தாளம் போட்டுப் பாட்டைக் கேளுங்கள். பிறகு ஃபேடரைத் தொடுங்கள்.