வள்ளத்துப் பற்றரிக்கு எந்த மீற்றர் வாங்கலாம்?

படகும் இயந்திரமும் கிடைத்த பின்னர் பலர் கடைசியாக யோசிப்பது பற்றரியைப் பற்றித்தான். மயிலிட்டியிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வள்ளங்களில் ஜிபிஎஸ் இருக்கவில்லை. 2017இல் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின் திரும்பியபோது தொழில் முறையே மாறியிருந்தது. வலை விட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதும், பாக்குநீரிணையில் எல்லைக்கோட்டுக்கு இப்பால்தான் நிற்கிறோமா என்று பார்ப்பதும் இன்று அந்தக் கருவியால்தான். நடுக்கடலில் பற்றரி இறங்கினால் ஜிபிஎஸ்ஸும் படகின் வெளிச்சமும் ஒன்றாக அணைந்துவிடும். வெளிச்சமில்லாத சிறு படகை இருட்டில் வரும் பெரிய படகு காணாது.

பற்றரியின் நிலையைக் காட்டும் மீற்றர்கள் இரு வகை. ஒன்று, வோல்ற் அளவை மட்டும் காட்டும் சிறிய மீற்றர். மற்றது, பற்றரியின் நெகற்றிவ் வயரில் பொருத்தப்பட்டு, உள்ளே போகும் மின்னையும் வெளியே போகும் மின்னையும் கணக்கு வைக்கும் மீற்றர். இரண்டாவது விலை கூடியது. பல நாள் கடலில் தங்கும் கலங்களுக்கு அது தேவைப்படலாம். இரவு போய்க் காலையில் கரை சேரும் 18 அடிப் படகுக்கு முதலாவதே போதும் என்பது எமது கருத்து. மிஞ்சும் பணத்தை வலைக்குப் போடுங்கள்.

ஆனால் பச்சை, மஞ்சள், சிவப்பு வெளிச்சம் மட்டும் காட்டுவதை வாங்க வேண்டாம். சாதாரண 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 12.6 காட்டும். 12.1 அல்லது 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் அநேகமாக முடிந்துவிட்டது. இத்தனை சிறிய வித்தியாசத்தை, தசமத்தில் எண் காட்டும் மீற்றரில்தான் பார்க்கலாம். வாங்கும்போது கடையில் உள்ள இன்னொரு மீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். சார்ஜரைக் கழற்றியவுடன் எண் கூடுதலாகவே இருக்கும். அதை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது. லைற் எரியும்போது குறைவாகக் காட்டும். எல்லாவற்றையும் நிறுத்தி, சில மணித்தியாலம் விட்டுப் பார்ப்பதே சரியான எண். பல வீடுகளில் சார்ஜ் போடுவது மனைவியரோ பிள்ளைகளோதான். இந்த எண்களை அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு சிறு கணக்கு. ஜிபிஎஸ்ஸும் ஒரு சிறிய எல்ஈடி லைற்றும் சேர்ந்து ஏறக்குறைய 1 அம்பியர் எடுத்தால், 10 மணித்தியாலத்துக்கு 10 அம்பியர் மணி. 40 அம்பியர் மணிப் பற்றரியில் பாதிக்குக் கீழே இறக்காமல் இரண்டு இரவு ஓட்டலாம். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். வாகனப் பற்றரி இன்னும் விரைவாகப் பழுதாகும்.

லிதியம் பற்றரி வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அது முடியும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வோல்ற்றைக் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். அதற்குக் கணக்கு வைக்கும் மீற்றரே வேண்டும்.

மீற்றரின் வயர்களைப் பற்றரி முனைகளிலேயே நேராகக் கொடுத்து, பொசிற்றிவ் வயரில் சிறிய பியூஸும் ஒரு சுவிச்சும் போடுங்கள். சுவிச் இல்லாவிட்டால், படகு கரையில் கிடக்கும் நாட்களிலும் மீற்றர் கொஞ்சம் கொஞ்சமாக மின்னைக் குடித்துக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் படாத மூடியுள்ளதாகப் பார்த்து வாங்கி, முனைகளில் கிறீஸ் பூசிவிடுங்கள்.